எம்பியவளும் தூக்கியவனும்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சிட்டு விஷயத்தில் ஊர் வாய் சொல்வது ஒரே ஒரு வரிதான்: "நல்லா ஆடிட்டிருந்த பொண்ணு, வெயிட் போட்டுடுச்சு, கழட்டி விட்டுட்டாங்க." இந்த வரியை முதலில் சொன்னவர் யாரென்று சிட்டுவுக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது பக்கத்தில் ஒன்றும் தெரியாத பூனை மாதிரி நின்றவன் யாரென்றும் தெரியும். இப்போது அவள் பனியில் சறுக்குகிற ஸ்கேட்டுக்குப் பிளேடு தீட்டும் கடை வைத்திருக்கிறாள். வருகிறவர்களில் யாராவது அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க அந்த ஜோடி ஸ்கேட்டிங்ல..." என்று இழுத்து, "வெயிட் போட்டதால..." என்று முடித்துவிட்டால் போச்சு. அந்த ஆளின் பிளேடு அன்றைக்குத் தீட்டப்படாது. மழுங்கின பிளேடோடு போய் வழுக்கி விழட்டும் என்று அனுப்பிவிடுவாள். கோபக்காரி என்று பெயர் எடுத்திருக்கிறாள். நடந்ததைக் கேட்டால் நமக்கே கோபம் வருகிறது, அவளுக்கு வராமல் இருக்குமா?

அவள் அப்பா ஒரு ஸ்கேட்டிங் அரங்கத்தில் வண்டி ஓட்டினார். ஆடுகிறவர்கள் கீறிக் கிழித்துவிட்டுப் போன பனித்தளத்தைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கண்ணாடி மாதிரி ஆக்குகிற வண்டி. அம்மா தையல்காரி. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் அப்பாவின் வேலை முடியும்வரை தடுப்புச் சுவரோரம் பெஞ்சில் உட்கார வேண்டும். உட்காருகிற பிள்ளையா அது? வாடகை ஸ்கேட் அடுக்கி வைத்திருந்த அறைக்குள் புகுந்து, காலுக்குப் பெரிதாக ஒரு ஜோடியை எடுத்து, நுனியில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டது. ஓரிடத்தில் நிற்காமல் தத்தித் தத்திப் போனதைப் பார்த்து அப்பாதான் சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு அவளுக்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

அங்கே பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் கண்ணில் சிட்டு பட்டாள். சின்ன உடம்பு, பயம் என்றால் என்னவென்றே தெரியாத மனசு. "இது ஜோடி ஸ்கேட்டிங்குக்குன்னே பொறந்த உடம்பு. தூக்கிப் போட்டா பறக்கும்" என்றார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா மட்டும், "தூக்கிப் போட்டா யாரு பிடிப்பா?" என்று கேட்டாள்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகப் பனியில் ஆடுகிற இந்த ஆட்டத்தில் ஒரு கொடுமை உண்டு. பெண்ணுக்குப் பஞ்சமே கிடையாது, ஆணுக்குத்தான் பஞ்சம். ஆட வருகிற பையன்களில் பாதிப் பேர் வளர்ந்ததும் வேறு விளையாட்டுக்கு ஓடிவிடுவார்கள். மிச்சம் நிற்கிற ஒருத்தனுக்காகப் பத்துப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அப்படி மிச்சம் நின்றவன்தான் தூண். உயரமும் அகலமுமாக அசையாமல் நிற்பான் என்று வைத்த பெயர். அவனைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள். மாஸ்டர் தினமும் காலையில் பெண்களை மட்டும் எல்லோர் முன்னாலும் எடை மேடையில் ஏற்றுவார். எண்ணை உரக்கப் படிப்பார். தூணை ஒரு நாளும் ஏற்றியதில்லை. கோயில் காளைக்கு யார் மூக்கணாங்கயிறு போடுவது?

அந்தத் தூணுக்குச் சிட்டு ஜோடியானாள். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். குளிருக்குத் தன் மேல்சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். இரண்டு பேரும் வளர்ந்தார்கள், பரிசுகள் வாங்கினார்கள், தேசியப் போட்டியில் மேடை ஏறினார்கள். ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சறுக்கிப் போவதற்கு லிஃப்ட் என்று பெயர். இவர்களுடைய லிஃப்ட்டைப் பார்க்கவே கூட்டம் வரும். பார்க்கிறவர்களுக்கு அவன் தூக்குகிறான், இவள் பறக்கிறாள். ஆனால் பாதி வேலை பெண்ணுடையது. சரியான நொடியில் முழங்காலை மடக்கி எம்பி, அவன் கையை அழுத்தி, முழங்கையைப் பூட்டி மேலே போக வேண்டும். அவள் எம்புவது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அழகு கெட்டுவிடுமாம்.

ஒரு நாள் பயிற்சியில் அவன் வலது தோள் லேசாக நடுங்கியதை அவள் உள்ளங்கை கண்டுபிடித்தது. இறங்கியதும், "தோள்ல என்ன?" என்று கேட்டாள். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு உடை மாற்றும் அறைக்கு வெளியே அவளைத் தனியாக நிறுத்திக் கெஞ்சினான். "மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னை உக்கார வெச்சுடுவார். நான் உக்காந்தா நீயும்தானே உக்காரணும்? உனக்கு வேற எவன் இருக்கான்? கொஞ்ச நாள் சமாளி. சரியாயிடும்." அவளுக்கு வேறு எவனும் இல்லை என்பது நிஜம். சமாளித்தாள். முன்னைவிட அதிகமாக எம்பினாள். அவன் தோள் செய்யவேண்டிய வேலையை இவள் முழங்கால் செய்தது. கொஞ்ச நாள் என்றது இரண்டு வருடம் ஆயிற்று. அவன் பேர் மட்டும் இன்னும் தூண்.

அந்த வருடத் தேசியப் போட்டியின் கடைசி லிஃப்ட்டில் அந்தத் தோள் விட்டுக்கொடுத்தது. அவள் உச்சத்தில் இருந்தாள். பனி என்றால் பஞ்சு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை விழுந்து பார்க்க வேண்டும். சிமெண்ட் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இசை நிற்கவில்லை. இந்த ஆட்டத்தில் விழுந்தவள் எழுந்து சிரிக்க வேண்டும். எழுந்தாள். அவன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்ன ஒரே வார்த்தை, "சிரி." வலிக்கிறதா, எங்கே அடி என்று கேட்கவில்லை. சிரி என்றான். அவளும் சிரித்துக்கொண்டே ஆடி முடித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மதிப்பெண் வரும்வரை ஜோடிகள் கேமரா முன் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். அங்கே அவன் அவள் தோளைச் சுற்றிக் கை போட்டு, தலையைத் தடவிக் கொடுத்தான். சொதப்பியவளைக்கூட எப்படித் தாங்குகிறான் பாருங்கள் என்று டிவியில் உருகினார்களாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது மாஸ்டர் பார்க்க வந்தார். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"சொன்னாக் கோவிச்சுக்காதே. நீ வெயிட் போட்டுட்டம்மா. பாவம் அவன், எவ்வளவுதான் தூக்குவான்? வேற பொண்ணு பார்த்திருக்கேன்."

தூண் பக்கத்திலேயே நின்றான். ஜன்னலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தூக்க முடியாதவன் எடை அதிகம் என்று சொல்ல விட்டுவிட்டு நின்றான்.

அவர்கள் போனதும் சிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா ஆடிப்போனாள்.

"ரெண்டு வருஷமா அதே டிரெஸ்ஸைத்தானே போடறே? ஒரு தையல் பிரிச்சு விட்டேனா நான்? எங்கடி வெயிட் போட்டே? இத்தனை நாள் வாயில என்னடி வெச்சிருந்தே, கொழுக்கட்டையா?"

அப்பா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தோட விடு கண்ணு. மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னா என் வேலையும் போயிடும்" என்றார். அப்பாவின் மேல் அவளுக்கு வந்த கோபம் தூணின் மேல் வந்ததைவிடப் பெரியது. ஆனால் அவர் கையைப் பார்த்தாள், குளிரில் வெடித்து வெடித்துக் கிடந்தது. திட்ட வாய் வரவில்லை.

விட்டிருப்பாள். தன் கதை முடிந்தது என்று விட்டேவிட்டிருப்பாள். ஆனால் அந்தப் புதுப்பெண்ணை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மேல்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காத பெண். அவளை அந்தத் தோள் இன்றைக்கோ நாளைக்கோ தலைக்கு மேல் தூக்கப் போகிறது. தனக்கு மணிக்கட்டோடு போயிற்று. அவள் கழுத்து முறிய விழுந்தால்?

நேரே போய்ச் சொன்னாள். உடை மாற்றும் அறையில் அந்தப் பெண் ஸ்கேட் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, "அக்கா, உங்க இடம் போனது வருத்தமாத்தான் இருக்கும். அதுக்காக அவரைப் பத்தி இப்படிச் சொல்லலாமா?" என்றாள். மூத்த தாரம் இளைய தாரத்துக்குப் புத்தி சொன்ன கதையாகிவிட்டது. வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று மறுநாள் அரங்கம் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது மாஸ்டர் என்று சொல்லவே வேண்டாம்.

கட்டுப் பிரித்த வாரத்தில் அப்பா ஒரு சேதி சொன்னார். தரையில் பழகியது போதும், நாளைக் காலையில் பனியில் தலைக்கு மேல் லிஃப்ட் என்று மாஸ்டர் தளத்தை ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல், "காலைல எட்டு மணிக்குப் பனியில எறங்கறதுக்கு முன்னாடி பயிற்சிக் கூடத்துல பழகுவாங்க. பின்கதவு தெறந்துதான் இருக்கும்" என்றார். அந்த மனுஷனுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது.

கூடத்தில் ரப்பர் விரிப்பின் மேல் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி. சிட்டு உள்ளே நுழைந்ததைக் கண்ணாடியில்தான் முதலில் பார்த்தார்கள்.

"உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் மாஸ்டர்.

"ஒரே ஒரு வேலை. முடிஞ்சதும் போயிடறேன்." புதுப்பெண்ணிடம் திரும்பினாள். "தங்கச்சி, நீ என்னை நம்ப வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எம்பாம நில்லு. அவன் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கட்டும். உன்னைவிடப் பெரிய எடையை எல்லாம் தூக்கிப் பழகினவன்தானே இவன்? தூக்கிட்டான்னா நான் உன் கால்ல விழறேன்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அவ்வளவுதானே? தூக்கிக் காட்டுடா. இவ வயித்தெரிச்சல் இன்னியோட அடங்கட்டும்."

தூண் சிரிக்கவில்லை. "இப்பத்தானே வார்ம்-அப் முடிச்சோம் மாஸ்டர்... எதுக்கு வீணா..." என்று இழுத்தான். புதுப்பெண் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாதம் இரண்டையும் விரிப்பில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

அவன் பிடித்தான். தூக்கினான். அவன் நெஞ்சு வரைக்கும் வந்தாள். அங்கே வலது பக்கம் இறங்கியது, உடம்பு சாய்ந்தது, அவன் முகம் வெளுத்துப் போய்ப் பல்லைக் கடித்தான். அவள் கால் மறுபடி தரையில் இருந்தது. இன்னொரு தடவை முயன்றான். அந்தத் தடவை நெஞ்சு வரைக்கும்கூட வரவில்லை.

"ஏய், மரக்கட்டை மாதிரி நிக்கறியே! கொஞ்சம் எம்பேன்!" என்று மாஸ்டர் அந்தப் பெண்ணைத்தான் அதட்டினார்.

"நானே எம்பி நானே மேல போறதுன்னா," என்றாள் அவள், "இவர் எதுக்கு மாஸ்டர்?"

தூண் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். ரெண்டு வருஷமா வலி என்றான். ராத்திரியில் புரண்டு படுக்க முடியவில்லை என்றான். அழுதான். மாஸ்டர் ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டார். "ஏன்டா சொல்லல? எவ்வளவு வலிச்சிருக்கும்! பாவம்டா நீ" என்று அந்தத் தோளை நீவிவிட்டார்.

சிட்டுவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அவன் தோள் வலிச்சுது, என் எலும்பு ஒடைஞ்சுது. யாரைப் பார்த்து மாஸ்டர் பாவம்ங்கறீங்க? நான் விழுந்தப்போ குண்டுன்னு சொன்னீங்களே, அந்த வாய் எங்கே போச்சு?"

மாஸ்டர் எழுந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று ஒரு நொடி அவளும், முட்டாள்தனமாக, எதிர்பார்த்துவிட்டாள். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"போட்டி தலைக்கு மேல வந்து நிக்குது. இப்ப நான் ஆம்பளைக்கு எங்க போவேன்?"

"மெதுவாத் தேடுங்க மாஸ்டர்," என்றாள் சிட்டு. "கிடைக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணு உசுரோட இருப்பா."