கல்கத்தா லைன்

கல்கத்தாவில் டிராம்களை ஒவ்வொரு தடமாக நிறுத்திக்கொண்டே வந்து, இப்போது மொத்தமாக மூட்டை கட்டப் போகிறார்களாம். செய்தியைப் படித்ததும் எனக்குச் சித்தி ஞாபகம் வந்தது. அந்தத் தடங்களில் ஒன்று நின்ற சேதியை எங்கள் வீட்டில் போட்டு உடைத்த புண்ணியவதி நான்தான்.

சிவகாசியில் வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போவதை லைன் போவது என்பார்கள். சித்தப்பாவுக்குக் கல்கத்தா லைன். பட்டாசு ஆர்டர் பிடிக்கப் போனால் மாதக்கணக்கில் அங்கேதான். திரும்பி வந்தால் டிராம் கதை. முதலில் குதிரை இழுத்ததாம், பிறகு கரண்டில் ஓடியதாம், கடைவீதி நடுவிலேயே தண்டவாளமாம். பிள்ளையில்லாத சித்தி வாயைப் பிளந்து கேட்பாள். ஒரு தடவை கூட்டிப் போங்க என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்க, தங்க இடமில்லை, தண்ணி ஒத்துக்காது என்று அவர் தட்டிக் கழிப்பார். அந்த வருஷம் எப்படியோ மசிந்து, இருவருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டு முன்னறைதான் கம்பெனி ஆபீஸ். பட்டாசுப் பெட்டிகளில் அங்கிருக்கும் போன் நம்பர்தான் அச்சாகியிருக்கும். ஒரு மத்தியானம் போன் அடிக்க, நான் எடுத்தேன். எனக்கு அப்போது பத்து வயசு; அதே வயசுப் பெண்குரல். "பாபா இருக்காகளா?" என்றது. எந்தப் பாபா என்றேன். சித்தப்பா பேரைச் சொன்னது. "வீட்டுக்கு வர்ற டிராம் லைன் நின்னுபோச்சு. பஸ்ஸுல வரச் சொன்னாக அம்மா."

அங்கே முதலாளியைப் பாபா என்பார்கள் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் கவலையெல்லாம் சித்தியின் டிராம் சவாரி போச்சே என்பதுதான். உள்ளே ஓடினேன். சித்தி பரிமாற, அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லைன் நின்னுபோச்சாம் என்றதும், எந்தப் பார்ட்டி ஆர்டரை நிறுத்தினான் என்று அப்பா பதறினார். டிராம் லைன் என்று திருத்திவிட்டு, அந்தப் பிள்ளை பேசியதை அப்படியே ஒப்பித்தேன்.

சித்தப்பா கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சித்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "இருக்காகளான்னா கேட்டுச்சு?"

"ஆமா சித்தி. அப்படியே நம்ம பேச்சு."

"கல்கத்தாப் பிள்ளைக்கு இந்தப் பேச்சை யாரு சொல்லிக் குடுத்தாக?" என்றாள். இந்தமுறை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

டிராமில் ஏற முடியாத வருத்தம் என்றே நினைத்தேன். பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அழாதீக சித்தி. அதான் பஸ் இருக்காம்ல. நாம பஸ்ஸுலயே அந்த வீட்டுக்குப் போயிரலாம்."