சுறாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை

சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பல் டாக்டரின் விரலைக் கடித்துவைத்ததிலிருந்து அவளுக்கு வீட்டில் சுறா என்றுதான் பெயர். பெயர் வைத்த வேளையோ என்னவோ, பள்ளி முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே கடலுயிரியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எந்தக் கல்லூரி கணக்குப் பாடம் கேட்கிறது, எது நீச்சல் தெரியவேண்டும் என்கிறது, எதற்கு எப்போது விண்ணப்பிப்பது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் அம்மா பஸ் ஓட்டுநர். அம்மாவின் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, மழை வழியும் கண்ணாடியில் தெருவைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போவாள். கடைகள் கரைந்து பவளப்பாறைகளாகும். குடைகள் ஜெல்லிமீன்களாக மிதக்கும்.

"இறங்குடி, ஸ்கூல் வந்தாச்சு!" என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் இந்த உலகத்துக்கு வருவாள்.

கள அனுபவம் இருந்தால் விண்ணப்பத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, துறைமுகத்து ஆய்வுக்கூடத்தில் விடாமல் கேட்டு, விடுமுறையில் ஒருநாள் அவர்கள் படகில் போக அனுமதி வாங்கினாள்.

படகு கிளம்பியது. கரை நூலாக மெலிந்தது. இத்தனை நாள் கண்ட கனவுக்குள்ளேயே புகுந்துவிட்டது போல அவள் சொக்கிப்போய் நின்றாள். அவ்வளவுதான், வயிற்றைப் புரட்டியது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கே கொடுத்தாள். கடலில் நிற்கவே முடியாதவள் கடலைப் படிப்பதா? கண்ணில் நீர் முட்டியது.

வலை இழுத்துக்கொண்டிருந்த ஆய்வாளர் பெண் எட்டிப்பார்த்தாள். "ரொம்ப முடியலையாம்மா?"

"கடலுக்கே என்னைப் பிடிக்கலை போல, அக்கா."

"எனக்கும் அதே கதைதான். மாத்திரை போடாம படகுல காலே வைக்கமாட்டேன். இந்தா, சிந்தாம பிடிச்சுக்கோ."

வலையில் வடித்த கடல்நீர், ஒரு கண்ணாடிக் குடுவையில். வெறும் தண்ணீர் என்றுதான் நினைத்தாள். வெயிலுக்கு நேராகத் தூக்கியதும் அது அசைந்தது. கடுகளவுகூட இல்லாத, கண்ணாடி போன்ற உடம்புள்ள உயிர்கள், ஒளியில் எழுந்தும் தாழ்ந்தும் மிதந்தன. ஒன்றின் உள்ளே ஏதோ விட்டுவிட்டுத் துடித்தது. அவளும் அந்தத் துடிப்போடு மூச்சு விட்டாள். படகு திரும்பியதுகூடத் தெரியவில்லை. நடுவில் மறுபடி வாந்தி வந்தபோதும் குடுவையை மட்டும் எட்டப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு! வேற படிப்பு பார்ப்போமா?" என்றாள், கரையில் காத்திருந்த அம்மா.

"படிப்பு அதேதாம்மா. காலேஜைத்தான் மாத்தணும்."

மாதக்கணக்கில் கப்பலில் அனுப்பும் பெரிய கல்லூரியை விட்டுவிட்டாள். ஆறு கடலில் சேரும் இடத்தில், கரையோர ஆய்வுக்கூடத்தோடு இருந்த சின்னக் கல்லூரியைக் குறிவைத்தாள். அங்கே கேட்டார்கள் என்பதற்காக, வேப்பங்காயாகக் கசந்த புள்ளியியலையும் எடுத்துப் படித்தாள். விண்ணப்பக் கட்டுரையில் டால்பின்களைப் புகழ்ந்து எழுதியதை அடித்துவிட்டுப் படகில் நடந்ததை எழுதினாள்.

"வாந்தி எடுத்ததையெல்லாமா எழுதுவாங்க?"

"நடந்தது அதுதானேம்மா."

இடம் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் அந்தக் குடுவையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

இப்போது விடியலில், கடல் பின்வாங்கிய ஆற்றுமுகச் சேற்றில், கையில் ஒரு குடுவையோடு முழங்கால் புதைய நிற்கிறாள். அம்மா போனில், "சாப்பிட்டியாடி?" என்கிறாள்.

"தண்ணி ஏறி வந்துட்டிருக்கும்மா, அப்புறம் பேசறேன்."