பழப்புறாவின் ஊதா

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நகமளவு ஊதா இறகு ஒன்று கிடக்கிறது. அது ஒரு பழப்புறாவின் உச்சந்தலையில் இருந்த அந்தக் காலைப்பொழுது அப்படியே நினைவிருக்கிறது. எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி அண்ணாச்சி கூண்டைத் தட்டி, "ஏலே கெமிஸ்ட்ரி, இந்த மண்டைக் கலரை வானத்துல கொண்டாந்திருவியாலே?" என்றார். படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அந்த நொடியே தலைக்குள் கலவைகள் ஓடத் தொடங்கின. பச்சை, சிவப்பெல்லாம் எளிது. ஊதாதான் லேசில் பிடிபடாது.

எங்கோ தீவுக் காட்டில் பழம் தின்று திரிந்தது, கைமாறிக் கைமாறிச் சிவகாசிக்கு வந்திருந்தது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மதினி என்போம். அவர்தான் பப்பாளியைப் பொடியாக நறுக்கி ஊட்டுவார். "மெல்லுறதே கிடையாது. எங்க வீட்டு ஆளு மாதிரி முழுங்கத்தான் தெரியும்" என்பார், அண்ணாச்சி காதில் விழும்படி.

கலவையை வெடித்துப் பார்க்கும் சோதனையில் நிறத்தை ஒப்பிடச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தில் ஊதா நீலமாகத் தெரிகிறதென்று அண்ணாச்சி கூண்டையே தூக்கிவிட்டார்.

"அதை எதுக்குக் கொண்டு போறீக? பயந்துரும்" என்றார் மதினி.

"வெடிச் சத்தத்துக்கு இங்கன எந்தக் காக்கா செத்துச்சு?"

எங்களில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. எங்கள் ஊர்க் குருவி சரவெடிக்கு நடுவிலும் கம்பியில் உட்கார்ந்து இறகு கோதும். அன்றிரவு விஸ்வநத்தம் பொட்டலில், பொறி விழாமலிருக்கக் கூண்டின் மேல் ஈரச் சாக்குப் போட்டோம். சத்தத்துக்கு ஏதும் செய்யத் தோன்றவில்லை. முதல் ஷாட் வானத்தில் வெடித்து விரிந்ததும் அண்ணாச்சி சாக்கை விலக்கி டார்ச் அடித்தார். கம்பியில் மோதி மோதிப் பறவை செத்துக் கிடந்தது. அலகோரத்தில் பப்பாளி. அவர் அதை எடுத்து, தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி, "இன்னும் கொஞ்சம் சிவப்பு வேணும்லே" என்றார். மிச்ச ஷாட்டுகளையும் அந்தத் தலையோடுதான் ஒப்பிட்டோம்.

காலிக் கூண்டை வாங்கிக்கொண்டு மதினி ஒன்றுதான் கேட்டார்: "கலராவது வந்துச்சா?"

வரவில்லை. இந்த சீசனிலும் இதுவரை வரவில்லை. "செத்த இறகு வெளுத்துப்போச்சுலே" என்று அண்ணாச்சி இன்னொரு பழப்புறா வாங்கியிருக்கிறார். மதினி அந்தப் பக்கமே போவதில்லை. இதற்குப் பப்பாளி நறுக்குவது வேலைக்கார அம்மாள்தான்.

நாளை பொழுது சாய்ந்ததும் அடுத்த சோதனை. முதல் ஷாட் சரியில்லையென்றால் கூண்டைக் கொண்டுவர வேண்டும் என்று டிரைவருக்கு உத்தரவாகியிருக்கிறது. கலவையை மாற்றியிருக்கிறேன். இறகு வெளுத்தாலும் அசல் ஊதா எனக்கு மனப்பாடம். முதல் ஷாட்டிலேயே அது வந்தாக வேண்டும்.