உருளைக்கு வெளியே, மில்லுக்கு உள்ளே

எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை வருவதற்கு முன்னால் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். பஸ் வாசலுக்குள் நுழையும்போதே, கையிலிருக்கும் டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல், "மூணாவது இன்ஜெக்டர் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான் போயிருக்கும். வானத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்ததும், அந்தக் காதை நம்பி மருத்துவமனை மொட்டைமாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் மைக்கையும் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

வருவது எது என்று பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேர்களும் அவர் வைத்தவையே. ஆளில்லாமல் ரீங்காரம் போட்டுச் சுற்றும் குட்டி விமானம் வண்டு. அது வேவு பார்க்கும், வேறொன்றும் செய்யாது. ஹெலிகாப்டர் மில்லு, மாவு அரைக்கிற இரைச்சல். கனத்த சரக்கு விமானம் உருளை, வெடிமருந்துப் பீப்பாய்களைக் கூரைகள்மேல் உருட்டிவிடும். ஜெட்டுக்குக் கிழிப்பான் என்று வைத்தார். அதற்குப் பேர் வைத்ததே தண்டம். வாயைத் திறப்பதற்குள் வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போயிருக்கும்.

மில்லு வெட்டவெளியில் நிற்பவர்களைச் சுடும். அதற்குக் கான்கிரீட் கூரைக்குள் ஓட வேண்டும். உருளையோ கட்டடங்களை இடிக்கும். அதற்கு வெளியே ஓடிப் பதுங்குகுழியில் குதிக்க வேண்டும். பேர் மாறினால் ஆளும் மாறி ஓடுவான். உருளைக்கு வெளியே, மில்லுக்கு உள்ளே என்று நண்டும் சிண்டும்கூட மனப்பாடமாகச் சொல்லும்.

ஒருநாள் கருவிகள் எடுக்க டிப்போவுக்குப் போனபோது அங்கே குண்டு விழுந்தது. அன்றிலிருந்து அவருக்கு இரண்டு காதும் மந்தம். சத்தம் வருவது தெரியும், எதன் சத்தம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. பேசுகிறவர் வாயைப் பார்த்துச் சமாளித்தார், யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? வெறும் வீம்பு. கீழே காயத்துக்குக் கட்டுப் போடும் நர்ஸாக அவர் மகள் இருந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பயப்படாதீங்க, மேல எங்கப்பா இருக்காரு" என்பாள். அந்தப் பேச்சை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லப் பழகினார். மில்லு காலையில் வரும், உருளை மதியத்துக்கு மேல்தான். இரண்டு மாதம் அவர் சொன்னதெல்லாம் பலித்தது.

அன்று வானம் மூட்டமாக இருந்தது. ஏதோ முனகியது. மணி பத்து.

"மில்லு! மில்லு! எல்லாரும் உள்ள போங்க!"

மகள் முற்றத்தில் துவைத்த கட்டுத்துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பதுங்குகுழி அவளிடமிருந்து நாலே எட்டு. அவள் திரும்பி, காற்று வாங்க வந்திருந்த இரண்டு கிழவர்களைக் கைத்தாங்கலாக எதிர்க் கட்டடத்துக்குள் கூட்டிப்போனாள். அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மேகத்தைக் கிழித்துக்கொண்டு முதல் பீப்பாய் வந்தபோதும் மைக் கையில்தான் இருந்தது. எதிர்க் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. பதினோரு பேர். பதுங்குகுழியில் ஒரு கீறலும் இல்லை.

நாலாம் நாள் ஊர்ப் பாதுகாப்புக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, உங்க காது தப்பு பண்ணாது. இது ஏதோ புது மிஷின். சத்தம் மில்லு மாதிரி, செய்யிறது உருளை மாதிரி. பேசி முடிவு பண்ணிட்டோம். நீங்கதான் இதுக்கு ஒரு பேர் வைக்கணும்."

ஒருத்தராவது சட்டையைப் பிடித்து உலுக்கக் கூடாதா என்று அவர் மனம் ஏங்கியது. மூலையில் சுருண்டு கிடந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"வைங்க. என் பொண்ணைக் கொன்னதுக்கு ஒரு பேர்கூட வேணாமா?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. "கள்ளன்" என்றார். மருந்துக்கடைக்காரர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். மனைவி அந்தப் பேரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, "நாசமாப் போவான்" என்று மனமாரத் திட்டினாள்.

வாசலில் கைக்குழந்தையோடு நின்ற பக்கத்துவீட்டுப் பெண் கேட்டாள்: "அண்ணே, இந்தக் கள்ளன் வந்தா உள்ள போகணுமா, வெளிய ஓடணுமா?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் எழுதுவதற்குப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். அந்தக் குழந்தை தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எதைச் சொன்னாலும் இவள் அப்படியே செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"அப்படி ஒண்ணு இல்லம்மா. வந்தது உருளைதான். எனக்குக் காது கேக்கல. ரெண்டு மாசமா மணியைப் பாத்துத்தான் சொல்லிட்டிருந்தேன்."

பேனா மூடியைத் திருகி மூடினார் மருந்துக்கடைக்காரர். மனைவி சுவரைப் பிடித்து எழுந்து, அவருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து, அவருக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்:

"அப்போ உங்க குரலைக் கேட்டுத்தான் உள்ள போனாளா?"

"ஆமா" என்றார்.