நல்லெண்ணெயில் குழைத்த அப்பா

நல்லெண்ணெய் மணக்க மணக்கத்தான் நான் ஓவியம் பழகினேன். போர் முடிந்து நாங்கள் கண்டாவளையில் மீளக் குடியேறிய நாள்களில், கனடாவிலிருந்த மாமி எனக்கு எண்ணெய் வண்ணக் குழாய்கள் ஒரு பெட்டியும் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றும் அனுப்பியிருந்தார். தாளில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் யாரோ தீட்டிய ஒரு பெண்ணின் முகம். உதட்டோரம் ஒரு மெல்லிய சிரிப்பு. கன்னத்துக்கும் நிழலுக்கும் நடுவே கோடே இல்லை. இதை ஒரு மனிதக் கை செய்திருக்கிறது என்பதை நம்ப முடியாமல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பார்த்துப் பார்த்து முகம் தீட்டப் பழகிவிட்டால் அப்பாவையும் தீட்டிவிடலாம் என்பது என் எண்ணம். இடப்பெயர்வில் அப்பாவும் போனார், அவருடைய படங்களும் போயின. எனக்கு அவர் முகம் நினைவில்லை. "எனக்கும் மங்கிக்கொண்டு வருது பிள்ளை, கெதியாப் பழகு" என்றார் அம்மா.

வண்ணத்தை எண்ணெயில் குழைக்க வேண்டும் என்று மாமி தொலைபேசியில் சொன்னதோடு சரி. எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் குசினியில் சமையலுக்கு இருந்த நல்லெண்ணெய்தான். அதைத் தாராளமாக ஊற்றிக் குழைத்து, ஒரு பலகைத் துண்டில் மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். இத்தாலிக்காரி ஒருவாறு வந்து சேர்ந்தாள், ஆனால் காயவே இல்லை. வெயிலில் வைத்தால் எறும்புதான் வந்தது. ஓவியத்துக்கு ஆளிவிதை எண்ணெய் வேண்டும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? அழுதே விட்டேன்.

அம்மா அந்த ஈரக் கன்னத்தை விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். "அப்பாவுக்கு இவ்வளவு கன்னம் இல்லை" என்றார். நான் தூரிகையை எடுத்தேன். "மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம்... இடப்பக்கப் புருவத்தில ஒரு வெட்டு இருந்தது..." மங்கிவிட்டது என்றவர் பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் வழித்துத் தீட்டி, மறுபடி வழித்தேன். சரியான எண்ணெயாக இருந்திருந்தால் இத்தாலிக்காரி எப்போதோ இறுகியிருப்பாள். பலகையிலிருந்து ஓர் ஆண் எங்களைப் பார்க்கத் தொடங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தாலிக்காரியின் வாய்க்கு வந்தபோது மட்டும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சிரிப்பைத் தொடாதை. அது அப்பிடியே இருக்கட்டும்."

நாட்காட்டித் தாளைக் கறையான் தின்று ஆண்டுகள் பல ஆகின்றன. போன மாதம் மாமி, உறவினர் ஒருவரின் கலியாண அல்பத்தில் கண்டெடுத்த அப்பாவின் படத்தைக் கைபேசிக்கு அனுப்பினார். மூக்கும் புருவமும் அந்த வெட்டும், அம்மா ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் படத்தில் அப்பா சிரிக்கவில்லை, உதடுகளை இறுக மூடியிருந்தார்.

அம்மா கைபேசியை எட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஓம், இவர்தான்" என்று என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார்:

"என்னோட இருக்கேக்க அவர் ஒருநாளும் இப்பிடி இருந்ததில்லை."