பிரேக்கு அக்காவின் வலது கால்

செருப்பைக் கழற்றிக் கதவோரம் ஒதுக்கிவிட்டுத்தான் காருக்குள் காலை நீட்டுவார். நீட்டிய வலது கால் நேராகப் போய்ப் பிரேக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. "செருப்பு போட்டா அதோட நாடி தெரியாது" என்பார். அவரிடம் ஓட்டக் கற்றவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக்கு அக்கா. அது அவருக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை.

நாடி என்ற சொல் சும்மா வரவில்லை. முன்பு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பழைய தொழில் அவ்வளவு சீக்கிரம் ஆளை விட்டுவிடுமா என்ன? புதிதாக ஓட்ட வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைவிரல்களைப் பார்ப்பார். "நகம் வெளுத்துப்போச்சு பாருங்க. கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க, ஸ்டியரிங் எங்கயும் ஓடிப்போகாது." கியர் கறகறவென்று கத்தினால், "அதுக்கு வலிக்குது" என்பார். நடுத்தெருவில் வண்டி நின்று, பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தாலும் அவர் குரல் ஒரு இம்மிகூட உயராது. "ஒண்ணும் ஆகல. மூச்ச நல்லா இழுத்து விடுங்க. அவங்களுக்கு அவ்வளவு அவசரம்னா பறந்து போகட்டும்."

குரல் அடங்கி இருக்கும். கால்தான் அடங்காது. பேருந்தில் போனால் முன்னிருக்கையின் அடிக்கம்பியை மிதித்துக்கொண்டே போவார். வீட்டில் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடி வலப்பக்கம் மட்டும் நைந்திருக்கிறது. டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால் போதும். "அந்தக் கார நீ நிறுத்தறதுக்குள்ள நம்ம மிதியடி போயிடும்" என்று கணவர் கேலி செய்வார்.

நர்ஸ் படிப்பில் அவரைச் சேர்த்துவிட்டது அண்ணன். நோயில்லாத ஊர் ஏது, அதனால் காலத்துக்கும் வேலை உண்டு என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. தங்கையும் குறை சொல்ல முடியாதபடி வேலை பார்த்தார். ஆனால் அந்த வேலையில் அவருக்கு உயிர் போல இருந்தது ஒரே ஒரு காரியம்: ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரை முதல்முறையாக எழுப்பி நடக்கவைப்பது. முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஏதாவது பேச்சுக் கொடுத்தபடியே வார்டின் நீளத்துக்கு நடத்திப் போவார். ஜன்னல் வந்ததும் சொல்லாமல் கையை எடுத்துவிடுவார். நோயாளி தன்பாட்டுக்கு நாலு எட்டு போய், பக்கத்தில் ஆளில்லை என்று திரும்பிப் பார்ப்பார். "அந்த மூஞ்சியப் பாக்கத்தான் வேலைக்கே போனேன்" என்று இன்றும் சொல்கிறார்.

பதவி உயர்ந்தது, நாற்காலி வந்தது. யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த அலமாரியில் என்ன மருந்து என்பதோடு நாள் போய்விடும். நடக்கவைக்க வேறு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கார் கற்றுக்கொள்ளப் போனார். கற்றுக்கொடுத்தவர் வாயைத் திறந்தால் வசவு. பின்னிருக்கையில் தன் முறைக்காகக் காத்திருந்த நம் நர்ஸ், முன்னால் ஓட்டிய பெண் அழுதுகொண்டே வளைவு திரும்பியதைப் பார்த்தார். இதையே திட்டாமல் சொல்லிக்கொடுத்தால் என்ன? கேள்வி ஒட்டுப்புல் மாதிரி ஒட்டிக்கொண்டது. மறு வருடம் வேலையை விட்டுவிட்டு, ஓட்டுநர் பள்ளி ஒன்றில் கற்றுக்கொடுக்கச் சேர்ந்துவிட்டார். அண்ணன் ஆறு மாதம் பேசவில்லை. இன்றைக்கும் யாரிடமாவது அறிமுகப்படுத்தினால், "என் தங்கச்சி. ஹெட் நர்ஸ்" என்பார். தங்கை பக்கத்திலேயே கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பார்.

இந்த அண்ணன் வீட்டிலிருந்தே ஒரு மாணவி வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. வந்தவர் அண்ணி. ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளைகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு என்ன வேலை புடிக்கும்னு யாரும் கேக்கல. பின்னாடியும் கேக்கல. சரின்னு நானே கேட்டுக்கிட்டேன்" என்றார் அண்ணி. அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தான் கெட்டது போதாதென்று தங்கை தன் பெண்டாட்டியையும் கெடுக்கிறாள் என்றார்.

அண்ணி நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் தேர்வில் இரண்டு முறை தோற்றார். இரண்டு முறையும் அதே ரவுண்டானா. வேகம் குறையாமல் போய், பக்கத்தில் இருந்த அதிகாரியே பிரேக் போட வேண்டியதாகிவிட்டது. அவர் கால் பட்டால் தோல்வி. பள்ளி திறக்கிற நாள் நெருங்கிவிட்டது. மூன்றாவது தேர்விலும் கோட்டைவிட்டால் வேன் வேறு கைக்குப் போய்விடும்.

"அங்க என்னதான் அண்ணி ஆகுது?" என்று கேட்டார் பிரேக்கு அக்கா.

"தானா நிக்கும்னு இருந்துட்டேன்."

"தானா எப்படி அண்ணி நிக்கும்?"

"உன்கூட வர்றப்ப நிக்குதே!"

அண்ணி குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்திருந்தார். கேட்டவருக்குத்தான் முகம் சுட்டது. இத்தனை மாதமும் ஒவ்வொரு வளைவிலும், அண்ணிக்குத் தோன்றுவதற்கு ஒரு நொடி முந்தி, தன் கால் அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. வார்டில் கையை எடுக்கத் தெரிந்திருந்த மனுஷி இங்கே காலை எடுக்கவே இல்லை. வாயால் திட்டியவரைப் போல ஆகக்கூடாது என்று வந்து, காலால் கெடுத்திருக்கிறோமே!

தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம், கடைசிப் பயிற்சி. அழைக்காமலே அண்ணனும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். "நீ என்னதான் சொல்லிக்குடுக்கிறேன்னு நானும் பாக்கறேன்."

முதல் சுற்று. ரவுண்டானா வந்தது. கூடாது, கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால் அமுக்கிவிட்டது. கார் பதவிசாக நின்றது. "பரவாயில்லையே" என்றார் அண்ணன். அண்ணிக்கும் சந்தோஷம். பிரேக்கு அக்காவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"இன்னொரு சுத்து போவோம் அண்ணி."

இரண்டாம் சுற்றில் சாலை கொஞ்சம் இறக்கமாகத் தெரிந்தது. உண்மையில் அது எப்போதும் போலத்தான் இருந்தது. வலப்பக்கம் ஒரு பேருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. அண்ணியின் நகங்கள் வெளுக்கவில்லை. அதைப் பிரேக்கு அக்கா ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வலது காலைத் தூக்கி இருக்கையின் மேல் வைத்தார். அது திரும்ப இறங்கிவிடுமோ என்ற பயத்தில் இடது காலையும் தூக்கி அதன்மேல் மடித்துப் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் பள்ளிக்காரர்கள் பார்த்திருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்திருப்பார்கள்.

பின்னாலிருந்து அண்ணன் பார்த்துவிட்டார். "ஏய், கால கீழ வை! பஸ்ஸு வருது! பிரேக்கு, பிரேக்கு!" அவருடைய பூட்ஸ் கால் தரையைத் தொம்மென்று மிதிக்கும் சத்தம் கேட்டது. இதுவரை ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர்.

பிரேக்கு அக்கா காலைக் கீழே வைக்கவில்லை. மடித்த பாதங்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய நகங்கள்தான் இப்போது வெளுத்திருந்தன.

கார் தயங்கியது. கொஞ்சம் குலுங்கியது, பிரேக்கு அக்காவின் கால் நிறுத்தியிருந்தால் அப்படிக் குலுங்கியிருக்காது. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பேருந்து அவர்களைக் கடந்து போயிற்று. பின்னிருக்கையில் பூட்ஸ் கால் இன்னும் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

அண்ணி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நீயா போட்ட?"

கேட்டுவிட்டு ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிரேக்கு அக்கா, இருக்கையின் மேல் மடிந்து கிடந்த தன் வெறும் பாதங்களைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.