அப்பாவின் அறைக்கு ஆறு செக்‌ஷன்

என் கலியாணத்தில் எனக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் ரொறன்ரோவில் இருபது வருடமாக வீடுகளுக்கு ஹீற்றிங் வேலை செய்கிறான். அதனால் அப்பா எங்களோடு வந்து இருக்கப்போகிறார் என்றதும், பின்பக்க அறைக்கு றேடியேற்றர் போட அவனைத்தான் கூப்பிட்டேன்.

அறை சின்னதுதான். ஆனால் மூன்று பக்கமும் வெளிச்சுவர், இரண்டு பெரிய ஜன்னல், கீழே சுவரில்லாத திறந்த போர்ச். அவன் அளவு டேப்பை வெளியே எடுக்கவேயில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தான்.

"ஆருக்கு மச்சான் இந்த அறை?"

"அப்பாவுக்கு."

"ஆறு செக்‌ஷன் காணும்," என்றான். றேடியேற்றரின் சூடு தரும் பட்டை ஒவ்வொன்றும் ஒரு செக்‌ஷன்; ஆறு போதுமாம்.

மனைவி வேறு யாரிடமாவது ஒருக்கால் கேட்கலாமே என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மணவறையில் பக்கத்தில் நின்றவன் சொன்னதை இன்னொருவனிடம் சரிபார்ப்பதா? எங்கள் ஆட்களிடம் இது ஒரு வியாதி. முன்பின் தெரியாதவனிடம் நூறு கேள்வி கேட்போம், தெரிந்தவனிடம் ஒன்றுகூடக் கேட்கமாட்டோம்.

ஜனவரியில் அப்பா வந்தார். இரண்டாம் நாளே, "தம்பி, அறை குளிருது" என்றார். நான் அவரை ஹோலுக்குக் கூட்டிவந்து சுவரிலிருந்த தேர்மோஸ்ரற்றைக் காட்டினேன். "இருபத்தொண்டு காட்டுது, பாருங்கோ. உங்களுக்கு வயசு போயிட்டுது, அதுதான்." அது ஹோலின் சூடு. அந்தக் கதவைத் தாண்டினால் வேறு நாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஜக்கெற்றோடும் கம்பளித் தொப்பியோடும் படுத்தார். மூன்றாவது கிழமை, பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு மார்க்கம் நகரில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

பங்குனியில் ஒரு குழாய் ஒழுகியது. தோழன் ஊரில் இல்லாததால் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் வந்து திருத்தினார். போகும்போது பின்னறையை எட்டிப் பார்த்தவர் சுவர், ஜன்னல், தரை எல்லாவற்றையும் நான் கேட்காமலே அளந்தார். குறைந்தது பதின்மூன்று செக்‌ஷன் வேண்டும், இதில் யாரைப் படுக்க வைத்தீர்கள் என்று கேட்டார்.

தோழன் திரும்பி வந்ததும் போய்க் கேட்டேன். அவன் மறைக்கக்கூட இல்லை.

"வேற வீட்டில கழட்டினது ஒண்டு சும்மா கிடந்தது மச்சான். பெரிய றேடியேற்றருக்கு ஓடர் குடுத்து அலைய எனக்கு நேரமில்லை."

"காணாது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம். வேற ஆக்கள் எண்டால் சண்டைக்கு வருவினம். நீ ஒண்டும் கேக்கமாட்டாய் எண்டு நினைச்சன்."

என் தலையில் மிளகாய் அரைத்ததைக்கூட மன்னித்திருப்பேன். என் நம்பிக்கையைத் தெரிந்தே, அதை வைத்தே அரைத்தான். அன்றோடு அவனோடு பேச்சை விட்டேன்.

இப்போது அந்த அறையில் பதின்மூன்று செக்‌ஷன் இருக்கிறது. உள்ளே போனால் சேர்ட்டைக் கழற்றவேண்டும். அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அறை இப்ப நல்ல சூடு அப்பா. நீங்கள் வாங்கோ."



"இல்லைத் தம்பி, நான் இஞ்சயே இருக்கிறன்" என்றார். "இஞ்ச குளிருதெண்டு சொன்னால் நம்புவினம்."